பூங்கா நிலத்தில் பள்ளிக் கட்டடம்: பெங்களூரில் முறையாக ஆட்சேபம் தெரிவிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விடப்பட்ட காலி இடத்தைச் சுற்றித் திடீரென்று தகர வேலி எழும். விசாரித்தால் பள்ளிக்கூடம் வரப்போகிறது என்பார்கள். மதுக்கடையோ மொபைல் கோபுரமோ வருவதாக இருந்தால் தெருவே திரண்டுவிடும். பள்ளி என்றதும் பாதிப் பேர் தயங்குவார்கள், மீதிப் பேரைப் பார்த்து "பிள்ளைகள் படிப்பதற்கா எதிர்ப்பு?" என்று கேட்பார்கள். இந்தத் தயக்கத்தில் கழியும் மாதங்களில்தான் அடித்தளம் எழும்பிவிடுகிறது. ஆகவே உங்கள் ஆட்சேபம் நிலத்தின் ஒதுக்கீட்டைப் பற்றியது என்பதில் முதல் நாளிலிருந்தே தெளிவாக இருங்கள். பள்ளி நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் போனால், அது நீங்கள் வெல்ல முடியாத, வெல்லத் தேவையும் இல்லாத விவாதம்.

பெங்களூரில் வீடு வாங்கியோ வாடகைக்கோ குடியிருக்கும் தமிழர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இங்கே சொல்லும் சட்டங்கள் கர்நாடகத்துக்கு உரியவை என்பதால் சென்னையிலோ ஓசூரிலோ இவற்றை அப்படியே பயன்படுத்த இயலாது.

முதல் படி: அது என்ன நிலம்?

இந்த ஒரு கேள்விக்கான விடைதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. ஆகவே இதற்கு அதிக நேரம் கொடுங்கள். "காலி இடம்" என்று நாம் பொதுவாகச் சொல்வது, ஆவணத்தில் குறைந்தது ஐந்து வகையாக இருக்கலாம்.

பி.டி.ஏ. எனப்படும் பெங்களூர் வளர்ச்சி ஆணையம் போட்ட லேஅவுட் என்றால், 1976-ஆம் ஆண்டின் ஆணையச் சட்டத்தின்படி திட்டப் பரப்பில் குறைந்தது 15 சதவீதம் பூங்காவுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும், அதற்கு மேல் குறைந்தது 10 சதவீதம் குடிமை வசதிகளுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவது வகையைத்தான் எல்லோரும் "சி.ஏ. சைட்" என்கிறார்கள். பள்ளி, மருத்துவமனை, தபால் நிலையம், சமுதாயக் கூடம் போன்றவற்றுக்கு உரிய இடம் அது. பள்ளி வரப்போகும் இடம் சி.ஏ. சைட்டாக இருந்தால் பெரும்பாலும் உங்கள் ஆட்சேபம் அங்கேயே முடிந்துவிடும். ஒதுக்கீட்டு முறையிலோ, கட்டட வரைபடத்திலோ, போக்குவரத்து ஏற்பாட்டிலோ குறை இருந்தால் அதை மட்டும் எழுப்பலாம். பல சங்கங்கள் இதைப் பார்க்காமலேயே வழக்கறிஞருக்குப் பணம் கட்டிவிடுகின்றன. ஆனால் அந்த இடம் வரைபடத்தில் பூங்கா என்றோ விளையாட்டு மைதானம் என்றோ குறிக்கப்பட்டிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. அந்தச் சட்டத்தின் 38-ஏ பிரிவு, பூங்காவுக்கும் மைதானத்துக்கும் குடிமை வசதிக்கும் ஒதுக்கிய இடத்தை வேறு நோக்கத்துக்காக விற்பதையும் கைமாற்றுவதையும் தடை செய்கிறது, மீறிச் செய்தால் அது செல்லாது என்றும் சொல்கிறது.

தனியார் அல்லது வீட்டு வசதிச் சங்கம் போட்டு, முறையாக ஒப்புதல் பெற்ற லேஅவுட் என்றால், பூங்காவும் சாலைகளும் ரிலின்கிஷ்மென்ட் டீட் எனப்படும் ஒப்படைப்புப் பத்திரம் மூலம் அரசு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பத்திரமும், ஒப்புதல் பெற்ற வரைபடமும் கையில் இருந்தால் நிலை வலுவானது. ரெவின்யூ லேஅவுட்டில், அதாவது திட்ட ஒப்புதல் இல்லாமல் விவசாய நிலத்தைப் பிரித்து விற்ற மனைகளில், இருப்பவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி: புரொமோட்டர் அச்சடித்துக் கொடுத்த வண்ணத்தாளில் பச்சை நிறம் பூசி "பார்க்" என்று எழுதியிருந்தாலும், அந்தத் தாளுக்குப் பின்னால் திட்ட ஒப்புதல் இல்லாவிட்டால் அதைச் சட்டப்படியான ஒதுக்கீடாக நிறுவுவது கடினம்.

நகர விளிம்பில், ஆனேக்கல், எலஹங்கா, கே.ஆர்.புரம் பக்கங்களில், நிலம் கோமாளாவாக, அதாவது கிராம மேய்ச்சல் நிலமாக இருக்கக்கூடும். கர்நாடக நில வருவாய் விதிகள் 100 மாடுகளுக்கு 12 ஹெக்டேர் என்ற கணக்கில் கோமாளா விடச் சொல்கின்றன. மாவட்ட ஆட்சியர் அதைக் குறைக்கவும் முடியும் என்பதால், குறைத்த உத்தரவு ஏதேனும் உண்டா என்று தேட வேண்டும். ஏரி ஓரமோ, ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயின் ஓரமோ என்றால், கட்டடம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்ற இடைவெளி விதி பொருந்தும். இந்த இடைவெளி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் ஏரிக்கு 75 மீட்டர் என்று விதித்ததை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, பழைய மாஸ்டர் பிளான் அளவுகளையே நிலைநிறுத்தியது. அதன் பிறகும் அளவுகளைத் திருத்தும் முயற்சிகள் நடந்துள்ளன. ஆகவே செய்தித்தாளில் படித்த எண்ணை விண்ணப்பத்தில் எழுதாமல், இன்று பொருந்தும் அளவு எது என்று திட்ட அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பசுமை வளையம் எனப்படும் விவசாய மண்டலத்திலோ, சில நிபந்தனைகளுடன் கல்விக் கட்டடங்களுக்கு இடம் உண்டு. அந்த நிபந்தனைகள் மீறப்பட்டனவா என்பதே அங்கே கேள்வி.

இரண்டாம் படி: தாள்களைச் சேர்த்தல்

வீட்டிலிருந்தே தொடங்கலாம். கர்நாடக அரசின் திஷாங்க் செயலியில் அந்த இடத்தில் நின்று தொட்டால் சர்வே எண் தெரியும். அரசு நிலமா, ஏரியா, ராஜகாலுவேயா என்ற குறிப்பும் பெரும்பாலும் கிடைக்கும். அந்த எண்ணை வைத்துப் பூமி இணையதளத்தில் பஹணி எனப்படும் நில உரிமை, சாகுபடிப் பதிவையும், காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழையும் எடுங்கள். 2007-ல் ஒப்புதல் பெற்ற மாஸ்டர் பிளான் 2015-தான் நகரின் நில உபயோகத்துக்கு இன்னும் அடிப்படை, ஏனெனில் 2031-க்கான வரைவு நடைமுறைக்கு வரவில்லை. அந்த வரைபடத்தில் உங்கள் பகுதிக்கான தாளை எடுத்து, நிலம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். திஷாங்க் காட்டுவது வழிகாட்டி மட்டுமே, நீதிமன்றத்தில் அதற்குச் சான்று மதிப்பு இல்லை. அதற்குச் சான்றொப்பமிட்ட நகல்தான் வேண்டும்.

அந்த நகல்களுக்கு வழி, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கர்நாடகத்தில் இதற்கு ஒரு தனி விதி உண்டு: ஒரு விண்ணப்பம் ஒரே பொருளைப் பற்றியதாகவும் ஏறத்தாழ 150 சொற்களுக்குள்ளும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்டால் இந்த விதியைக் காட்டியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே தனித்தனியாகப் போடுங்கள். லேஅவுட்டின் ஒப்புதல் பெற்ற வரைபடத்துக்கு ஒன்று, அந்த இடத்தின் ஒதுக்கீட்டுக் கோப்புக்கு ஒன்று, கட்டட அனுமதிக்கும் அதன் வரைபடத்துக்கும் ஒன்று, நில உபயோக மாற்றம் நடந்திருந்தால் அதன் அறிவிப்புக்கும் வந்த ஆட்சேபங்களுக்கும் ஒன்று. "ஏன்", "எப்படி" என்று கேட்காதீர்கள். இருக்கிற ஆவணத்தின் நகலைக் கேளுங்கள், கூடவே கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள். நேரில் பார்க்கும்போதுதான் அலுவலகக் குறிப்புகளின் ஓரத்தில் கீழ்நிலை அலுவலர் ஒருவர் "இது பூங்கா இடம்" என்று எழுதியிருப்பது கண்ணில் படும். அந்த ஒரு வரி நகலாகக் கிடைத்தால், நூறு கையெழுத்துகளைவிட மேலானது.

எந்த அலுவலகத்துக்குப் போடுவது என்பதில் இப்போது கொஞ்சம் குழப்பம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி. எனப்பட்ட பழைய பெங்களூர் மாநகராட்சி கலைந்து, கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழ் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. பழைய கோப்பு எந்த மாநகராட்சிக்குப் போனது என்று அலுவலர்களுக்கே சில சமயம் தெரிவதில்லை. தவறான அலுவலகத்துக்குப் போட்டாலும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உரிய இடத்துக்கு 5 நாளுக்குள் அனுப்பிவைப்பது அவர்கள் கடமை.

இடையில், வேலை நடக்கும் இடத்தைத் தேதி தெரியும்படி வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். உள்ளே நுழைய வேண்டாம், தெருவிலிருந்தே எடுக்கலாம்.

மூன்றாம் படி: ஆட்சேபத்தை எழுதுதல்

இரண்டு சூழல்கள் உண்டு. நில உபயோகத்தை மாற்ற விண்ணப்பம் போயிருந்தால், 1961-ஆம் ஆண்டின் கர்நாடக நகர ஊரமைப்புச் சட்டத்தின் 14-ஏ பிரிவுப்படி, வட்டாரத்தில் வெளியாகும் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டுப் பொதுமக்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். மாற்றம் பொதுநலனுக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவின் நிபந்தனை. அறிவிப்பில் கொடுத்த கெடு குறுகியது, அதைத் தவறவிடாதீர்கள். இந்த அறிவிப்புகள் நாம் வாங்காத நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வருவது வழக்கம் என்பதால், சங்கத்தில் யாராவது ஒருவர் கன்னட நாளிதழ் ஒன்றையும் ஆங்கில நாளிதழ் ஒன்றையும் அறிவிப்புகளுக்காகவே பார்த்து வருவது பயனுள்ளது. இரண்டாவது சூழல், எந்த அறிவிப்பும் இல்லாமல் வேலை தொடங்குவது. அப்போது நீங்களாகவே புகார் மனுவாக எழுத வேண்டும்.

விண்ணப்பம் கன்னடத்தில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் கொடுத்தாலும் வாங்குவார்கள், ஆனால் கீழ்மட்டத்தில் கோப்பை நகர்த்துகிறவர் படிப்பது கன்னடம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் நன்றாகக் கன்னடம் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத தமிழர்கள் ஏராளம். அவர்கள் தமிழில் எழுதி, கன்னடம் எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டாரைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. இந்த நகரத்தில் நிலத் தகராறு மொழித் தகராறாகத் திரிய அதிக நேரம் ஆகாது. கன்னடர், தமிழர், தெலுங்கர், உருது பேசுவோர் என எல்லோரும் கையெழுத்திட்ட தாளை அப்படித் திரிக்க முடியாது. ஆட்சேபம் தெரிவிக்க வீட்டு உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை, பூங்காவைப் பயன்படுத்தும் வாடகைதாரரும் கையெழுத்திடலாம்.

மனுவின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"எங்கள் லேஅவுட்டின் ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் பூங்கா எனக் குறிக்கப்பட்டு, நான்கு எல்லைகளும் கீழே தரப்பட்டுள்ள இடத்தில் பள்ளிக் கட்டடம் கட்டும் பணி தொடங்கியுள்ளது. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை வேறு நோக்கத்துக்குக் கைமாற்றுவது 1976-ஆம் ஆண்டின் பெங்களூர் வளர்ச்சி ஆணையச் சட்டத்தின் 38-ஏ பிரிவுக்கும், 1985-ஆம் ஆண்டின் கர்நாடகப் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டத்துக்கும் முரணானது. ஆகவே பணியை உடனே நிறுத்தவும், ஒதுக்கீட்டையும் கட்டட அனுமதியையும் ரத்து செய்யவும், முடிவெடுக்கும் முன் எங்களை நேரில் விசாரித்துக் காரணங்களுடன் கூடிய எழுத்து உத்தரவு பிறப்பிக்கவும் வேண்டுகிறோம்."

பி.டி.ஏ. லேஅவுட்டாக இல்லாவிட்டால் 38-ஏ பிரிவை நீக்கிவிட்டு, ஒப்படைப்புப் பத்திரத்தின் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். வரைபடத்தின் சான்று நகலை இணைத்து, பூங்காவைச் சிவப்புக் கோட்டால் குறித்துக் காட்டுங்கள். போக்குவரத்து நெரிசல், பள்ளி வாகனச் சத்தம், வீட்டு மதிப்பு ஆகியவற்றை மனுவில் சேர்க்க ஒவ்வொரு சங்கத்திலும் யாராவது வற்புறுத்துவார்கள். சேர்க்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து. வீட்டு மதிப்பைப் பற்றிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, மொத்த மனுவையும் வசதியுள்ளவர்களின் சுயநலம் என்று எதிர்த்தரப்பு ஒதுக்கிவிடும்.

கடைசிப் பத்தியில் மாற்றிடம் ஒன்றைச் சொல்லுங்கள். சி.ஏ. சைட்டுகளை ஒதுக்குவதற்குப் பி.டி.ஏ. விண்ணப்பம் கோரும்போது அவற்றின் பட்டியலை வெளியிடும். உங்கள் லேஅவுட்டிலோ பக்கத்திலோ காலியாக உள்ள ஒன்றை எண்ணுடன் குறிப்பிட்டால், பிள்ளைகளுக்கு எதிரானவர்கள் என்ற பேச்சுக்கு மனுவே பதில் சொல்லிவிடும்.

நான்காம் படி: கொடுக்கும் இடம்

ஒரே நாளில் பி.டி.ஏ. ஆணையர், உங்கள் மாநகராட்சியின் ஆணையர், அதன் நகரத் திட்டப் பிரிவு, தோட்டக்கலைப் பிரிவு ஆகியோருக்குக் கொடுங்கள். பி.டி.ஏ. தலைமை அலுவலகம் குமாரா பார்க் மேற்கில் உள்ளது. கோமாளாவோ அரசு நிலமோ என்றால் கே.ஜி. சாலையில் உள்ள கந்தாய பவனில் மாவட்ட ஆட்சியருக்கும், தாலுகா தாசில்தாருக்கும் கொடுக்க வேண்டும். பள்ளிக்கு அங்கீகாரம் வழங்குவது கல்வித் துறை என்பதால், வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும். நிலத்தின் மீது ஆட்சேபம் இருப்பது தெரிந்தபின் அவர் கையெழுத்திடத் தயங்குவார்.

நேரில் கொடுக்கும்போது உங்கள் நகலில் முத்திரை, தேதி, இன்வர்டு எண் மூன்றும் வாங்காமல் வராதீர்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை வரும் வகையில் அனுப்பி, அந்த ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். கடமையைச் செய்யச் சொல்லும் உத்தரவை உயர் நீதிமன்றத்தில் கேட்பவர், அதற்கு முன் அந்த அலுவலகத்திடம் எழுத்தில் கோரியதையும் அது மறுத்ததையோ மௌனம் சாதித்ததையோ காட்ட வேண்டியிருக்கும். இந்த முத்திரைதான் அதற்குச் சான்று.

மரங்கள் இருந்தால் இன்னொரு வாசலும் உண்டு. 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி மர அலுவலரின் அனுமதியின்றி வெட்ட முடியாது. 50-க்கு மேற்பட்ட மரங்கள் என்றால் பொதுமக்களின் கருத்தையும் கேட்டாக வேண்டும். ஆனால் மர ஆட்சேபத்தையே முதன்மையாக்கினால், நான்கு மரங்களை விட்டுவிட்டுக் கட்டுகிறோம் என்று சமாதானம் பேசிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: விசாரணையும் எதிர்வாதங்களும்

விசாரணைக்கு அழைத்தால் இரண்டு பேர் பேசினால் போதும். அங்கே உங்களுக்கு உதவக்கூடிய இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று நம் ஊர் வழக்கு. ராஜமஹால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை, முதலமைச்சரின் உத்தரவின் பேரில் மாற்றி, ஒரு தனியார் அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அங்கு வசித்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் பி.எஸ். முத்தப்பா என்ற அந்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டைச் செல்லாது என்றது. பூங்கா இழப்பால் பாதிக்கப்படும் குடியிருப்போருக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு என்பதும் அதில் நிலைநாட்டப்பட்டது. "உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் அதிகாரிக்கு இந்த வழக்கின் பெயரே பதில்.

மற்றது இன்னும் நெருக்கமானது. டில்லி சரிதா விஹாரில் பூங்காவின் ஒரு பகுதியை நர்சரிப் பள்ளிக்கு டில்லி வளர்ச்சி ஆணையம் ஒதுக்கியிருந்தது. ஜி.என். கஜூரியா வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்தது. நிரந்தரக் கட்டடம் எழும்பிவிட்டது என்ற வாதமும், சின்னஞ்சிறு பிள்ளைகள் அலைக்கழிக்கப்படுவார்கள் என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. பிள்ளைகள் அருகில் அமையும் வேறு பள்ளிக்குப் போவார்கள், பின்னதை முன்வைத்தது அனுதாபம் தேடத்தான் என்ற கருத்தில் நீதிமன்றம் அதை ஒதுக்கியது. நீங்கள் விசாரணையில் கேட்கப்போகும் வாதமும் இதுவாகவே இருக்கும்.

எதிர்த்தரப்பின் கையிலும் ஒரு தீர்ப்பு இருக்கும். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்ன 2011-ஆம் ஆண்டின் ஜக்பால் சிங் தீர்ப்பு, ஏற்கனவே பள்ளியோ மருந்தகமோ இயங்கும் நிலத்தை விதிவிலக்காக முறைப்படுத்த இடம் தருகிறது. அதன் பொருள் தெளிவு: கோமாளா போன்ற நிலத்தில் வகுப்புகள் தொடங்கிவிட்டால் உங்கள் வாதம் மெலிகிறது. வேலி எழும்போதே எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அரசுப் பள்ளி தன் சொந்த மைதானத்திலேயே புதிய வகுப்பறை கட்டுவது வேறு விஷயம். அங்கே எதிர்ப்பதைவிட, மாடி எழுப்பிக் கட்டும்படி கேட்பது நல்லது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மைதானத்தை விழுங்கும் கட்டடம் அந்தப் பள்ளியின் தகுதியையே கேள்விக்குள்ளாக்கும் என்று தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எடுத்துச் சொல்லலாம். அரசுப் பள்ளிக்கு எதிராக நடுத்தர வர்க்கத்தார் திரண்டார்கள் என்ற பெயர் வராமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். அங்கே படிப்பது பெரும்பாலும் நம் வீடுகளில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள்.

ஆறாம் படி: நீதிமன்றம்

எழுத்து மனுவுக்குப் பதில் வராமல் வேலை தொடர்ந்தால் உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவுப்படி ரிட் மனு தாக்கல் செய்யலாம். பதிவு பெற்ற நலச்சங்கத்தின் பெயரிலும், அதோடு இரண்டு மூன்று குடியிருப்போர் பெயரிலும் போடுவது பாதுகாப்பானது. சங்கத்தின் பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடந்தால் முதல் நாளே அதைக் கிளப்புவார்கள். தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். தாமதமாக வந்தவர் என்ற வாதம் ரிட் மனுவில் கடுமையாக எடுபடும் என்பதால், நீங்கள் எப்போது அறிந்தீர்கள், எப்போது எழுதினீர்கள் என்பதைத் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் தொகுத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். இடைக்காலத் தடையைத்தான் முதலில் கேட்க வேண்டும். சிவில் நீதிமன்றத்துக்குப் போவதானால் அரசுக்கு எதிரான வழக்குக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. அவசரமானால் நீதிமன்ற அனுமதியுடன் அதைத் தவிர்க்கலாம்.

அதிகாரி ஒருவர் தெரிந்தே தவறான ஒதுக்கீடு செய்தார் என்பதற்குக் கோப்பில் ஆதாரம் இருந்தால் லோகாயுக்தாவுக்கும் போகலாம். ஆதாரமில்லாமல் போக வேண்டாம். அந்த விசாரணை கட்டடத்தை நிறுத்தவும் செய்யாது.

உத்தரவு கிடைத்த பிறகு

தடை உத்தரவின் சான்று நகலை அன்றே மாநகராட்சிக்கும், கட்டுமான ஒப்பந்ததாரருக்கும், காவல் நிலையத்துக்கும், மின் இணைப்பு தரும் பெஸ்காம் அலுவலகத்துக்கும் சேர்த்துவிடுங்கள். இறுதி உத்தரவும் சாதகமானால் அந்த இடத்தை 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள பூங்காப் பட்டியலில் சேர்க்கும்படி மனு கொடுங்கள், ஏற்கனவே இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை வாங்குங்கள். நில அளவைத் துறையின் ஹத்துபஸ்து, அதாவது எல்லை நிர்ணய அளவைக்கு மாநகராட்சியே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் ஒரு மனு தேவைப்படும். அளவையாளர் வரும் நாளில் சங்கத்திலிருந்து இருவர் உடனிருந்து, மகஜர் எனப்படும் நேரடி ஆய்வுக் குறிப்பில் கையெழுத்திட்டு, வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.